பைக் அதிர்கிறதா? எங்கே, எப்போது என்று பார்த்துப் பிடிக்கும் வழி

திருகோணமலையிலிருந்து கண்டி ஏறத்தாழ 180 கிலோமீட்டர். ஹபரணை வரையான பாதை நேராகவும் பெரிய ஏற்ற இறக்கம் இல்லாமலும் கிடக்கும், ஒரே கியரில் ஒரே வேகத்தில் ஒரு மணித்தியாலம் கையை அசைக்காமல் பிடித்துக்கொண்டு போவோம். ஊருக்குள் கடைத்தெருவுக்கும் உவர்மலைக்கும் ஓடும்போது தெரியாத அதிர்வு அங்கேதான் வெளியே வரும். கந்தளாய் தாண்டும்போது விரல் நுனியில் எறும்பு ஊர்கிற மாதிரித் தொடங்கும், மெல்ல மணிக்கட்டுக்கு ஏறும், ஹபரணையில் இறங்கித் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்தால் சூடு உறைக்காது, விரல் அவ்வளவு விறைத்திருக்கும்.

எனக்கு இது நடந்தது 220 சிசி ஒற்றைச் சிலிண்டர் பைக்கில். ஹாண்டில் நுனிக்கு எடை வாங்கிப் போட்டேன், தடித்த ஸ்பொஞ்ச் கிரிப் மாற்றினேன், ஜெல் வைத்த கையுறையும் வாங்கினேன். மூன்றுக்கும் காசு போனது, அதிர்வு போகவில்லை. கடைசியில் கிண்ணியாவில் பைக் திருத்துகிற ஒரு நானா பத்து நிமிடத்தில் இடத்தைக் காட்டினார். அதற்குப் பிறகு இந்த விஷயத்தில் நான் பிடிவாதமாகச் சொல்லும் ஒரே பேச்சு இதுதான்: அமுக்குகிற சாமான் எதையும் வாங்காதீர்கள், முதலில் அதிர்வு எதோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று பாருங்கள். எஞ்சின் சுற்றோடா, சில்லுச் சுற்றோடா, எஞ்சின் இழுக்கிற பாரத்தோடா. இந்த மூன்றில் ஒன்று பிடிபட்டால் மிச்சம் தேடுவது சுலபம்.

ஓட்டிப் பார்க்கும் சோதனை

இதற்கு நேரான, ஆள் இல்லாத வீதி வேண்டும். நிலாவெளிப் பக்கம் இறக்கக்கண்டிப் பாலம் தாண்டி, குச்சவெளிக்குப் போகிற வீதியில் விடிய ஆறு மணிக்குப் போனால் வாகனம் குறைவு. மாடு படுத்திருக்கும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மணிக்கு 60இல் மேல் கியரில் போய் அதிர்வு எங்கே, எவ்வளவு என்று மனதில் வையுங்கள். பிறகு ஒரு கியர் குறைத்து அதே 60இல் போங்கள். அதிர்வின் தன்மை மாறினால், அதாவது இன்னும் நுணுக்கமாகவோ பலமாகவோ ஆனால், அது எஞ்சின் பக்கம். அச்சொட்டாக அப்படியே இருந்தால் சில்லு, ரயர், பெயாரிங் பக்கம்.

அடுத்தது, 70க்கு ஏற்றிவிட்டு அக்சிலேட்டரை விட்டுக் கிளச்சைப் பிடித்து உருள விடுங்கள். எஞ்சின் ஐடிலுக்கு, அதாவது அக்சிலேட்டர் திருப்பாமல் சும்மா ஓடும் சுற்றுக்கு, இறங்கிய அந்த நொடியே அதிர்வு நின்றால் எஞ்சினோடு சேர்ந்தது. நிற்காமல் வேகம் குறையக் குறைய அதுவும் மெதுவாகி அடங்கினால் சில்லோடு சேர்ந்தது.

மூன்றாவதை வீட்டு முற்றத்திலேயே செய்யலாம். நியூட்ரலில் ஸ்டாண்டில் நிறுத்தி, வீதியில் எந்தச் சுற்றில் அதிர்ந்ததோ அந்தச் சுற்று வரை மெல்ல மெல்ல ஏற்றுங்கள். இங்கேயும் அதிர்ந்தால் எஞ்சின், எஞ்சினைப் பிடித்திருக்கும் போல்ட்டு, அல்லது அதில் தொங்கும் ஏதோ ஒன்று. இங்கே ஒன்றுமில்லாமல் வீதியில் இழுக்கும்போது மட்டும் வந்தால் செயின், பின் சில்லு றப்பர், அல்லது பாரம் ஏறும்போது மட்டும் தடுக்கும் பிளக்.

கை பழகிவிட்டால் இந்தச் சோதனை இல்லாமலே பாதி விளங்கும். ரயரின் சுற்றளவு சுமார் 2 மீட்டர், 60 கிலோமீட்டர் வேகத்தில் சில்லு நொடிக்கு எட்டு ஒன்பது தடவைதான் சுற்றும். எஞ்சினோ 5000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 5000 சுற்றில், நொடிக்கு 83 தடவை சுற்றுகிறது. ஆகவே எண்ணிவிடலாம் போல தொம் தொம்மென்று உலுக்கினால் சில்லு, எண்ண முடியாத ரீங்காரமாக விரலுக்குள் புகுந்தால் எஞ்சின். இந்தக் கணக்கு ஒன்றுதான் எனக்கு அதிகம் உதவியிருக்கிறது.

விரல் விறைக்கிறது, கண்ணாடி மங்குகிறது, கிளச் பிடித்ததும் நிற்கிறது

அதிகம் வருவது இதுதான். அதிகம் தவறாகப் பார்க்கப்படுவதும் இதுதான்.

ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் அதிரத்தான் செய்யும், அதை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். 6000 ஆர்பிஎம்மில் பிஸ்டன் நொடிக்கு 200 தடவை நின்று திரும்புகிறது. அந்த உதையை முழுக்க ஈடுசெய்கிற அளவுக்குக் கிராங்கில், அதாவது பிஸ்டன் சுற்றுகிற தண்டில், எதிர் எடை வைத்தால், மேலும் கீழுமான உதை போய் முன்னும் பின்னுமான உதை வந்துவிடும், அதனால் பாதியளவை மட்டும் ஈடுசெய்வதே வழக்கம். மிச்சத்தைச் சமாளிக்கத்தான் நிறைய பைக்குகளில் எதிர்த்திசையில் சுற்றும் பாலன்சர் தண்டு ஒன்று இருக்கிறது. இந்த உதை சுற்றின் வர்க்கத்தோடு ஏறும். 5000இலிருந்து 6000க்குப் போனால் சுற்று 20 சதவீதம்தான் கூடுகிறது, உதையோ 44 சதவீதம் கூடுகிறது. 60இல் இதமாக ஓடுகிற பைக் 75இல் கையைக் கடிப்பது இதனால்தான், அதை ஒரு பழுது என்று நினைக்க வேண்டியதில்லை.

போன மாதம் வரை அதே 75இல் இதமாக ஓடிய பைக் இந்த மாதம் கடிக்கிறதென்றால் அது வேறு கதை. அப்போது எஞ்சினைக் கழற்றுகிற நினைப்புக்கு முன் எஞ்சினைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளைப் பாருங்கள்.

நானா செய்ததைச் சொல்கிறேன். எஞ்சின் குளிர்ந்திருந்தபோதே ஸ்டார்ட் பண்ணி, அக்சிலேட்டரை ஒரு கையால் கொஞ்சம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, என் பெருவிரலைப் பிடித்து ஓர் இடத்தில் வைத்தார். சிலிண்டர் ஹெட்டிலிருந்து வருகிற தகடு மேலே சட்டத்தின் காதோடு சேருகிற இடம். விரலின் பாதி தகட்டில், மறுபாதி சட்டத்தில். "ரெண்டும் ஒண்டாத் துடிக்குதா தம்பி, வேற வேறயாத் துடிக்குதா?" என்று கேட்டார். வேறு வேறாகத்தான் துடித்தது. தகடு விரல் தோலை உரசிக்கொண்டு போய் வந்தது நன்றாகத் தெரிந்தது. கீழே இருந்த மற்றப் போல்ட்டில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே துண்டு போலத் துடித்தன. பிறகு டோர்ச் அடித்துக் காட்டினார், அந்த மேல் போல்ட்டின் வாஷரைச் சுற்றி கோப்பித்தூள் மாதிரி மெல்லிய செம்பழுப்புத் தூள் படிந்திருந்தது. இரும்போடு இரும்பு உரசினால்தான் இப்படி மாவாக உதிரும். சும்மா பிடிக்கிற துரு இப்படி இருக்காது, அது பொருக்குப் பொருக்காக இருக்கும். "எஞ்சின்ல ஒண்டுமில்ல தம்பி, பிடிமானத்துலதான் பிழ" என்றார்.

பிழை எப்படி வந்தது என்று பார்த்தால், எட்டு மாதம் முன்பு ஓர் இடத்தில் கிராஷ் பார் (விழுந்தால் எஞ்சினைக் காக்கும் கம்பி) பூட்டியிருந்தேன். அதன் தகடு 5 மில்லிமீட்டர் தடிப்பு. அதை இடையில் நுழைத்துவிட்டுப் பழைய போல்ட்டையே திரும்பப் போட்டிருக்கிறார்கள். 8 மில்லிமீட்டர்ப் போல்ட்டின் புரிக்கு இடைவெளி பொதுவாக 1.25 மில்லிமீட்டர், ஆகவே 5 மில்லிமீட்டர் தகடு நுழைந்தால் நாலு புரி போய்விடுகிறது. நட்டுக்குள் மொத்தம் ஐந்து புரிதான் இருக்கும், அதில் பாதி கூடப் பிடிக்காமல் அது இவ்வளவு நாள் கிடந்திருக்கிறது. நட்டைப் பூட்டிய பிறகு போல்ட்டின் நுனி குறைந்தது இரண்டு புரியாவது வெளியே தெரிய வேண்டும், உங்கள் பைக்கில் கிராஷ் பார் இருந்தால் இதை இன்றைக்கே குனிந்து பார்த்துவிடுங்கள்.

மாற்றுப் போல்ட்டு வாங்கும்போது எங்கள் ஊரில் ஒரு பிழை நடக்கும். வாடைக்காற்றுக் காலத்தில் கடற்கரை ஓரம் நிறுத்திய பைக்கில் உப்புப் படிந்து போல்ட்டெல்லாம் சிவந்துவிடும், அதைப் பார்த்துச் சலித்துப்போய் ஸ்டெயின்லெஸ் போல்ட்டு வாங்கிப் போடுகிறோம். மூடிகளுக்கு அது சரி. எஞ்சினைப் பிடிக்கிற இடத்துக்குச் சரியில்லை. தலையில் 8.8 என்று குத்திய இரும்புப் போல்ட்டு 640 மெகாபாஸ்கல் இழுவை வரைக்கும் நீளாமல் தாங்கும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஏ2-70 ஸ்டெயின்லெஸ் 450 வரைக்கும்தான் தாங்கும். நீண்ட போல்ட்டு தளர்ந்த போல்ட்டுதான். தலையில் எந்த எண்ணும் இல்லாத ஹார்ட்வெயார்க் கடைப் போல்ட்டை நினைக்கவே வேண்டாம். 8.8, பழையதில் 10.9 இருந்தால் 10.9, அதுதான்.

பூட்டுகிற முறையும் முக்கியம். தளர்ந்த ஒன்றை மட்டும் இறுக்கினால் எஞ்சின் கோணலாகவே இறுகிவிடும், அதிர்வு சில சமயம் முன்னைவிடக் கூடும். எஞ்சின் நன்றாகக் குளிர்ந்த பிறகு அடியில் ஒரு பலகையும் ஜக்கும் வைத்துப் பாரத்தைத் தாங்கவிட்டு, எல்லா மவுண்டிங் போல்ட்டையும் ஒரு சுற்று ஒன்றரைச் சுற்று தளர்த்துங்கள். பிடித்து மெல்ல ஆட்டி எஞ்சினைத் தானாக அமரவிடுங்கள். ஒரு போல்ட்டு துளைக்குள் தடையில்லாமல் கையால் போய்வர வேண்டும். சுத்தியலால் அடித்துத்தான் போகிறதென்றால் ஏதோ ஒரு தகடு வளைந்திருக்கிறது, அல்லது நடுவில் போட வேண்டிய வாஷர் இல்லை. அமர்ந்த பிறகு எல்லாவற்றையும் விரலால், பிறகு அரைவாசி, பிறகு முழுதாக என்று மூன்று சுற்றில் ரோர்க் ரெஞ்சால், அதாவது இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானரால், இறுக்குங்கள். உங்கள் பைக்கின் கைநூலில் இருக்கும் எண்ணைத்தான் வைக்க வேண்டும், பக்கத்து வீட்டுப் பைக்கின் எண் உதவாது. உப்புக்குப் பயந்து புரிக்குக் கிறீஸ் பூசினால் அதே எண்ணில் போல்ட்டு அதிகமாக இழுபடும், ஆகவே கிறீஸைத் தண்டுப் பகுதிக்கு மட்டும் பூசுங்கள்.

இறுக்கி முடித்ததும் நட்டிலிருந்து சட்டம் வரை கியூட்டெக்ஸால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். கோடு விலகினால் நட்டு சுற்றியிருக்கிறது. தங்கச்சியிடம் வாங்கின சிவப்புக் கோடு என் பைக்கில் இப்போதும் இருக்கிறது.

போல்ட்டு எல்லாம் இறுக்கமாக இருந்தும் ஒரே ஒரு குறிப்பிட்ட சுற்றில் மட்டும் கடுமையாக வருகிறதென்றால், மவுண்டிங் தகட்டில் வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். தகடு சட்டத்தோடு ஒட்டுகிற வெல்டிங் ஓரத்தில், பெயின்டில் முடி அளவு கோடாகத் தொடங்கும், ஓரத்தில் துரு கசிந்திருக்கும். துணியால் துடைத்து, டோர்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்த்தால் தெரியும். அதைக் கண்டால் தூரப் பயணம் வேண்டாம், நல்ல வெல்டிங்காரரிடம் காட்டுங்கள்.

சைலன்சரையும் மறக்க வேண்டாம். அதன் பிடியில் இருக்கும் றப்பர் வெந்து கல்லாகிவிட்டால் சைலன்சரின் துடிப்பு நேரே ஃபுட்ரெஸ்ட்டுக்கு வரும். கை சும்மா இருந்து கால் மட்டும் விறைத்தால் எனது முதல் சந்தேகம் அந்த றப்பர்தான்.

ஐடிலில் நிற்கும்போதே உலுக்குகிறது, ஓடினால் சரியாகிறது

இதில் முதலில் ஐடில் சுற்றைப் பாருங்கள். சிறிய பைக்குகளில் 1300 முதல் 1500 வரை வைப்பது வழக்கம், பெற்றோல் மிச்சம் பிடிக்க 900க்கு இறக்கி வைத்தால் எந்த ஒற்றைச் சிலிண்டரும் உலுக்கும். சுற்றுச் சரியாக இருந்தும் உலுக்கினால் எரிவதில்தான் குறை. பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், இடைவெளி பெரும்பாலும் 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர். மண் நிறத்தில் இருந்தால் நல்லது, கரி படிந்து கறுத்திருந்தால் பெற்றோல் அதிகம், வெளுத்துச் சுண்ணாம்பு மாதிரி இருந்தால் காற்று அதிகம்.

காற்று அதிகம் என்றால் காபரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் றப்பர்க் குழாயைப் பாருங்கள். எங்கள் வெயிலுக்கு அது சீக்கிரம் வெடிக்கும், மேலே பார்த்தால் நன்றாகவே இருக்கும், வளைத்துப் பிடித்தால்தான் வெடிப்பு வாய் திறக்கும். ஐடிலில் ஓடவிட்டு அந்த இடத்தில் தண்ணீர் ஸ்ப்ரே பண்ணிப் பாருங்கள், சுற்றுத் தடுமாறினால் அங்கேதான் காற்றுப் புகுகிறது. பைக்கை மாதக் கணக்கில் நிறுத்திவைத்து எடுத்திருந்தால் காபரேட்டரின் சின்ன ஜெட் அடைத்திருக்கும், கழற்றித் துப்புரவாக்குவது தவிர வழியில்லை. வால்வு இடைவெளி இறுகிப்போனாலும் சூடேறிய பிறகு ஐடில் கெடும். டிக் டிக் சத்தம் இல்லை, நல்லது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருப்போம், வால்வோ முழுக்க மூடாமல் கிடக்கும்.

இரண்டு சிலிண்டர் பைக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. இலங்கையில் இன்னும் ஓடுகிற பழைய ஹொண்டா சிடி 200ஐ எடுத்துக்கொள்ளுங்கள், அதில் இரண்டு பிஸ்டனும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும், மாறி மாறி வெடிக்கும். ஒரு பக்கம் எரியாமல் விட்டால் ஓடத்தான் செய்யும், ஆனால் இழுவை இல்லாமல் உடம்பையே உலுக்கும். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி ஒரு நிமிடம் விட்டு, இரண்டு சைலன்சர்க் குழாயிலும் ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஒன்றில் சுர்ரென்று ஆவியாகும், மற்றதில் வழிந்து ஓடினால் அந்தப் பக்கப் பிளக்கையும் தொப்பியையும் மாற்றிப் பாருங்கள்.

ஹோர்னட் 250 மாதிரி நாலு சிலிண்டர் பைக்கில் நாலு காபரேட்டரும் ஒரே அளவு இழுக்க வேண்டும், அதற்கு மானி வைத்துச் சமப்படுத்துகிற ஆள் வேண்டும், வீட்டில் காதால் கேட்டுச் செய்கிற வேலை அல்ல.

எஞ்சின் வேலை செய்த பிறகுதான் தொடங்கியது

இதைக் கேட்டதும் நான் பாலன்சரைத்தான் நினைப்பேன். பாலன்சர் தண்டின் பல்லிலும் கிராங்கின் பல்லிலும் ஒவ்வொரு புள்ளி குத்தியிருக்கும், இரண்டும் நேர் நேராக வரும்படி பூட்ட வேண்டும். நண்பன் ஒருவனின் 250 ட்ரெயில் பைக் எஞ்சின் வேலை முடிந்து வந்தபோது 4000க்கு மேல் டாங்க்கில் முட்டியை வைக்க முடியவில்லை. "புது பிஸ்டன், ஓட ஓடப் பழகிவிடும்" என்று கராஜில் சொன்னார்கள். இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடியும் பழகவில்லை, இண்டிகேட்டர் பல்பும் நம்பர் பிளேட்டும்தான் கழன்றன. வேறோர் ஆளிடம் பக்க மூடியைத் திறந்து பார்த்தபோது புள்ளி ஒரு பல் தள்ளி இருந்தது. ஒரு பல் என்றால் சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் உதையைத் தடுக்க வேண்டிய எடை நேரம் தப்பிப் போய் வேறு பக்கம் உதைக்கிறது.

புது பிஸ்டனின் இறுக்கம் ஓட ஓடக் குறையும், அது உண்மை. ஆனால் அது கண்ணாடியில் எதுவும் தெரியாத அளவுக்கு அதிராது. வேலை முடிந்து பைக்கை எடுக்கும்போதே ஓட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள், பாலன்சர்ப் புள்ளியைச் சரிபார்த்தீர்களா பாஸ் என்று மூடி பூட்ட முன்பே நின்று கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

அக்சிலேட்டர் திருப்பும்போது, விடும்போது மட்டும்

இழுக்கும்போது காலுக்கடியில் கரகரவென்று வந்தால் செயின். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் ஓடுகிறவர்களுக்குச் செயினில் கிறீஸோடு மணல் சேர்ந்து அரைக்கிற மாவு மாதிரி ஆகிவிடும். மண்ணெண்ணெயும் தூரிகையும் போதும், பெற்றோல் வேண்டாம், கண்ணிகளில் ஓ-ரிங் என்ற றப்பர் வளையம் இருந்தால் அதைக் கெடுத்துவிடும். துடைத்துக் காயவிட்டு 90 கியர் ஒயில் போடுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, கியரில் போட்டுச் செயின் துடைக்கவே கூடாது. துணி இழுத்துக்கொண்டு போனால் விரல் ஸ்பொக்கட் என்ற பற்சக்கரத்துக்குள் போகும், கையால் சில்லைச் சுற்றித்தான் துடைக்க வேண்டும்.

பின் சில்லைத் தூக்கி மெல்லச் சுற்றிக்கொண்டே நாலு இடத்தில் செயினின் தொய்வை அளந்து பாருங்கள். ஓரிடத்தில் 25 மில்லிமீட்டர், இன்னோர் இடத்தில் 10 என்றால் செயின் ஒரே மாதிரித் தேயவில்லை, அது ஒவ்வொரு சுற்றிலும் பின் சில்லைப் பிடித்து இழுத்து விடும். 428 என்ற அளவுச் செயின் என்றால் 20 கண்ணியின் நீளம் புதிதில் 254 மில்லிமீட்டர், 259 ஆகிவிட்டால் அதன் காலம் முடிந்தது. செயினை மட்டும் மாற்றாதீர்கள், ஸ்பொக்கட் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

கரகரப்பு இல்லாமல், அக்சிலேட்டரை விட்டுப் பிடிக்கும்போது டொக்கென்று ஓர் இடி, அதன் பிறகு குறைந்த வேகத்தில் விட்டு விட்டு இழுக்கிற மாதிரி ஓர் உலுக்கல் வந்தால் பின் சில்லு நடுவில் இருக்கும் றப்பர்கள் தேய்ந்துவிட்டன. சில்லை அசையாமல் பிடித்து ஸ்பொக்கட்டை மட்டும் கையால் திருப்பிப் பாருங்கள், இலகுவாக ஆடினால் அதுதான். விலை குறைவான சாமான், ஆனால் யாரும் மாற்றுவதில்லை. பழைய ரியூபை வெட்டி இடைவெளியில் திணிக்கிற வழக்கம் இருக்கிறது, வீதியில் மாட்டிக்கொண்டால் வீடு வர அது உதவும், அதற்கு மேல் நம்ப வேண்டாம்.

இன்னொன்று, பழுதே இல்லாதது. மாத்தளை தாண்டி ஏறும்போது பின்னால் ஆளும் சாமானும் இருக்க, மேல் கியரிலேயே 2500 சுற்றில் இழுக்கவிட்டால் எஞ்சின் உலுக்கிக்கொண்டுதான் ஏறும். ஒரு கியர் குறையுங்கள்.

வேகத்தோடு ஏறுகிறது, கிளச் பிடித்தும் நிற்கவில்லை

ரயர் அழுத்தத்திலிருந்து தொடங்குங்கள், ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். பிறகு சில்லைத் தூக்கிச் சுற்றி, ஒரு குச்சியை ரிம் ஓரத்தில் அசையாமல் பிடித்தால் நெளிவு தெரிந்துவிடும். கம்பிச் சில்லு என்றால் ஒவ்வொரு கம்பியையும் ஸ்பானரால் தட்டுங்கள், தளர்ந்தது மட்டும் மொக்கையாகச் சத்தம் போடும். ரயர் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் கிழமையில் செய்தது. மேலே பூ (தேயாத வெட்டு) நிறைய இருந்தாலும் பழைய ரயர் ஓரிடத்தில் வீங்கி உலுக்கும்.

புது ரயர் போட்டதும் தொடங்கியிருந்தால் சமநிலை பார்க்காமல் பூட்டியிருக்கிறார்கள். ரிம்மில் 20 கிராம் ஒரு பக்கம் கூடினால் 80 கிலோமீட்டர் வேகத்தில் அது ஒவ்வொரு சுற்றிலும் 2 கிலோவுக்கு மேற்பட்ட எடையாக வெளியே இழுக்கும். அச்சை இரண்டு தாங்கியில் வைத்துச் சில்லைச் சும்மா விட்டால் பாரமான பக்கம் கீழே வந்து நிற்கும், அதற்கு எதிரே எடையை ஒட்டிக்கொண்டே வாருங்கள், எங்கே விட்டாலும் அங்கேயே நிற்கும் வரை.

ஹாண்டில் மட்டும் இடமும் வலமும் நடுங்கினால் ஹாண்டில் தண்டின் பெயாரிங். முன் சில்லைத் தூக்கி ஹாண்டிலை மெல்லத் திருப்பினால் நடுவில் ஒரு பள்ளத்தில் விழுந்து நிற்கிற மாதிரி இருக்கும், முன் சில்லைத் தாங்கும் போர்க்கைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தால் டக் டக்கென்று ஆடும். இதையும் சில்லுப் பெயாரிங் ஆட்டத்தையும் சொகுசுக் குறையாக எடுக்காதீர்கள், இவை ஆளை விழுத்தும். சரிசெய்யாமல் வாகரைப் பக்கமோ ஹபரணைப் பக்கமோ கிளம்ப வேண்டாம்.

பிரேக் பிடிக்கும்போது மட்டும் லீவர் துடித்தால் டிஸ்க் நெளிந்திருக்கிறது, அல்லது ட்ரம் நீள்வட்டமாகிவிட்டது.

சாமான் கட்டினால் மட்டும்

பின் கேரியர், பக்கப் பெட்டி, போன் பிடி என்று பூட்டின ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட சுற்றில் தானாகத் துடிக்கும். அந்தச் சுற்றில் பிடித்துக்கொண்டு பின்னால் இருப்பவரை ஒவ்வொன்றாகக் கையால் அழுத்தச் சொல்லுங்கள், எதை அழுத்தும்போது அடங்குகிறதோ அதுதான். தாங்கி ஒன்று கூடுதலாகக் கொடுத்தாலோ, அடியில் ஒரு றப்பர்த் துண்டு வைத்தாலோ போதும். போனை நேரே ஹாண்டிலில் பூட்டுகிறவர்கள் கவனியுங்கள், மோட்டார் சைக்கிள் எஞ்சினின் பலமான அதிர்வு கமராவைக் கெடுக்கலாம் என்று 2021இல் ஆப்பிள் நிறுவனமே எச்சரித்தது.

எல்லாம் சரி, இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது

இப்போதுதான் ஹாண்டில் எடையின் முறை. அது அதிர்வைக் கொல்லாது. ஹாண்டில் எந்தச் சுற்றில் அதிகம் துடிக்கிறதோ அதை வேறு சுற்றுக்குத் தள்ளும், நீங்கள் வழக்கமாக ஓடும் வேகத்திலிருந்து தள்ளிவிட்டால் வெற்றி. ஹாண்டில் குழாய்க்குள் கடற்கரை மணல் நிரப்புகிறவர்கள் இருக்கிறார்கள், வேண்டாம், உப்பு உள்ளிருந்தே அரிக்கும், வெளியே தெரியாது. மீன்பிடிச் சாமான் கடையில் தூண்டிலுக்கு விற்கும் சின்ன ஈயக்குண்டுகள் நல்லவை. குழாயின் வாய்க்கு ஏற்றதாக எடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் சிலிக்கோனோடு கலந்து உள்ளே தள்ளி ஒரு நாள் காயவிடுங்கள். குண்டு உள்ளே கலகலவென்று ஆடக் கூடாது. ஈயத்தைத் தொட்டபின் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

முன் ஸ்பொக்கட்டில் ஒரு பல் கூட்டுவது இன்னொரு வழி. 14க்குப் பதில் 15 போட்டால் அதே வேகத்தில் சுற்று சுமார் 7 சதவீதம் குறையும், உதை 13 சதவீதம் குறையும். சமவெளியில் ஓடுகிற எனக்கு இது பிடித்திருக்கிறது. பாரத்தோடு அடிக்கடி மலைநாடு ஏறுகிறவர்கள் செய்ய வேண்டாம், இழுவை போய்விடும். பிடியையும் பாருங்கள், அதிர்கிறது என்று இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க அவ்வளவும் கைக்குள் வரும். முழங்காலால் டாங்க்கை அணைத்துவிட்டுக் கையைத் தளர்த்திப் பிடித்தாலே வித்தியாசம் தெரியும்.

புதிதாக இறுக்கிய போல்ட்டுகள் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் அமரும், ஆகவே முதல் பயணம் முடிந்ததும் ஒரு தடவை ரோர்க் ரெஞ்ச் வைத்துப் பார்க்க வேண்டும். கண்டி போய்த் திரும்பினால் 360 வருகிறது. போன தடவை வந்த மறுநாள் காலை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பார்த்தேன், மேல் போல்ட்டின் கோடு அசையவில்லை, பின்னால் கீழே இருப்பது மட்டும் கால் சுற்று ஏறியது. பழைய கோட்டை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று இழுத்தேன்.